தேனும் மருந்தும்

சென்ற கோடை விடுமுறையில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஜினாலய மண்டபத்தில் நம் மாணவ மாணவியர் இரண்டு நாள் கூடியிருந்தனர். இயற்கை நலவாழ்வு குறித்துப் பேச வந்த சித்த வைத்தியர், சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் இலையில் வைத்து, இவையே திரிகடுகம் என்றார். ஏலம் முதலாய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயரையே நம் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என இட்டார் என்பதையும், காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் செய்தார் என்பதையும் நாம் எடுத்துரைத்தோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். முளைகட்டிய பயறு பற்றிய பேச்சில் பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். அது வேறொரு வாதம், இங்கு வேண்டா.

பின்னர் வைத்தியர், “இச்சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணுங்கள்” என்றார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நாங்கள் தேன் உண்பதில்லை. மருந்தென்றால் உண்ணலாமா?” என்றாள். ‘மருந்துக்குத் தோஷமில்லை’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நம் வீடுகளிலும் இருமலுக்கென ஒரு சொட்டு நாவில் தடவுவது உண்டு, மறைப்பானேன்?

கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும். அடையைப் பிழியுங்கால் புழுக்களும் மடிகின்றன என்பது யாவரும் அறிந்த காரணம். இக்காலத்தில் பெட்டியில் வளர்த்து, பிழியாமல் சுழற்றி எடுக்கின்றனரே என்று மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. தானே ஒழுகிய தேனிலும் இம்சை உண்டென்று அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்தசித்தியுபாயத்தில் கூறுகின்றார். அன்றியும், பூவில்லாக் காலத்துக்கெனத் தேனீக்கள் சேர்த்த உணவு அது. அவை நமக்குக் கொடுத்ததில்லை. கொடாததைக் கொள்ளாமையும் நம் விரதமன்றோ?

ஆயினும் நோயாளிக்கு வழியே இல்லையா? தேனை விலக்கச் சொல்லும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை அருளிய சமந்தபத்திரரையே நினைப்போம். எவ்வளவு உண்டும் அடங்காத பஸ்மக நோய் அவரைப் பற்றியது என்றும், சல்லேகனை ஏற்க அவர் வேண்டியபோது குரு மறுத்துவிட்டார் என்றும் மரபு கூறும். அவர் முனிநிலையை நீத்துச் சென்று, உண்டு, நோய் தீர்ந்தபின் மீண்டும் தீட்சை ஏற்றார். நாம் இதில் காண்பது, உயிர் காக்க நெகிழ்ந்ததை மட்டுமன்று. நெகிழ்ந்ததை நெகிழ்ச்சி என்றே அவர் கொண்டார். முனிக்கோலத்தோடு இருந்துகொண்டே ‘இதில் தோஷமில்லை’ என்று சொல்லவில்லை. அவருடையது வேறு வழியற்ற நிலை. நம் இருமலோ அத்தகையதன்று. வேறு வழி உண்டா என்று கேட்கவும் சோம்பி, மருந்து என்னும் சொல்லை முன்னே நிறுத்திக்கொள்கிறோம்.

அம்மாணவி கேட்டாள். வைத்தியரும் சினவாது, தேன் இங்கே அனுபானமே, நோய்க்கு மருந்து சூரணமே, வெந்நீரிலும் கொள்ளலாம் என்றார். இத்தனை ஆண்டுகளில் நம்மவர் எவரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். அன்று கதிரவன் சாயுமுன் உணவு முடிந்தபின், பிள்ளைகளுக்குப் பனங்கற்கண்டிட்ட சுக்கு நீர் வழங்கினோம்.