தோட்டா அடைக்கும் கை

அவுட்டுக்காய் என்றால் என்னவென்று வாழப்பாடி சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரைக்குள் வெடியை மறைத்துக் காட்டுப்பன்றி வரும் தடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கடித்த வாய் சிதறிப்போகும். ஆனால் பன்றி அந்த இடத்திலேயே சாவதில்லை. தாடை தொங்க ஓடி, ஓடையோரப் புதரில் கிடந்து, பசியிலும் தாகத்திலும் பல நாள் கழித்துச் சாகும். மேய்ச்சலுக்குப் போன மாடு கடித்ததும் உண்டு. 2020 மே 27 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் வாயைப் புதைத்தபடி நின்றே உயிரைவிட்ட கருவுற்ற யானையை நாடே பார்த்தது. அதன் வாயைக் கிழித்ததும் இப்படி மறைத்து வைத்த வெடிதான். அது வெடித்தபோது வைத்தவர் அங்கே இல்லை. எனக்கு இதில் பெரிய பாவமாகத் தெரிவது அவர் அங்கே இல்லாததுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வுபெற்ற பிறகு அருநூத்துமலை அடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் வைத்திருக்கிறேன். பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரியில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தின்பதைவிடப் பறித்துப் போட்டு மிதிப்பதுதான் அதிகம். அதனால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய், எந்த உயிரையும் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே சமயம், சாகப்போகிற பன்றி எப்படிச் செத்தால் என்ன என்று அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. கொல்லாமை என்கிற உயர்ந்த அறத்துக்கும், ஒழிந்தால் போதும் என்கிற ஆத்திரத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால், அங்கே நிற்பவனுடைய கடமை என்ன? எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் எதிர்பாராத இடத்தில் இருந்தது. தோட்டா அடைக்கும் மேசையில்.

என் அப்பாரிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. பயிர்க் காவலுக்கென்று இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தருவதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே தனியாகச் சொல்கிறது. மூங்கில் கணுவில் வெட்டிய அளவையால் கரிமருந்தை அளந்து கொட்டுவார். அதன்மேல் தேங்காய் நார். நீளக் கம்பியால் இடித்து இறுக்கி, பிறகு ஈயக் குண்டு, அதற்குமேல் மறுபடியும் நார். அடைக்கும்போது பேச மாட்டார். பையன்கள் நாங்கள் கிட்டே போனால் கையை மட்டும் நீட்டித் தடுப்பார். அக்கம்பக்கத்தார் வந்து, “கெட்டிச்சு மட்டும் குடுங்க மாமா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்” என்று கேட்டால் கொடுத்ததே இல்லை. “அடைச்ச கைதான் சுடோணும். சுட்டவன் காலுதான் தேடிப் போகோணும்” என்பார். அது சட்டத்துக்குப் பயந்து சொன்ன பேச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மகள் இருக்கும் டெக்சாஸில்தான் அது வேறு விதமாகப் புரிந்தது. அங்கேயும் பன்றித் தொல்லை. வீட்டுப் பன்றியும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்து பெருகிய கூட்டம், சோளக்காட்டை உழுததுபோல் ஆக்கிவிடுகிறது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பெரியவர் லீவர் துப்பாக்கி வைத்திருந்தார். விசைக்கு அடியில் வளையம்போல் இருக்கும் கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாவை அவர் கடையில் வாங்குவதில்லை, கொட்டகையில் தானே அடைப்பார். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

அவருடையது .45-70 என்ற ரகம். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. அந்த 70 என்பது அப்போது அதில் அடைத்த கரிமருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். குண்டு 405 கிரெய்ன், கிட்டத்தட்ட 26 கிராம், நம்மூர்க் கணக்கில் மூன்றேகால் பவுன். அது விநாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில்தான் போகும். இன்றைய ராணுவத் தோட்டாக்கள் சிலவற்றில் மூன்றரை கிராம் குண்டு ஆயிரம் மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உந்தத்தைக் கணக்குப் போட்டால் கனத்த குண்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கவசம்போலத் தடித்த தோலும் சதையும் இருக்கும். சிறிய குண்டு அதில் சிதறி நின்றுவிட்டால் பன்றி சாகாது, ஓடும். கனத்த குண்டு நுழைந்து நெஞ்சைத் தாண்டிப் போகும். “வேகம் எனக்குத் தேவையில்லை. அடிபட்ட இடத்திலேயே பன்றி விழ வேண்டும்” என்றார் பெரியவர். துப்பாக்கிக்காரர் ஒருவரின் வாயிலிருந்து கருணையைப் பற்றிய பேச்சை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

குண்டின் மூக்கு மொட்டையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பில், அதாவது அடித்தால் தீப்பற்றும் சிறு மூடியில், பின்னதன் மூக்கு முட்டிக்கொண்டிருக்கும். கூர்மையான மூக்காக இருந்தால், சுடும்போது வரும் அதிர்ச்சியில் அதுவே சுத்தியலாகி உள்ளேயே வெடிக்கக்கூடும். மொட்டை மூக்கு சுடுபவனையும் காக்கிறது, அகலமான காயத்தால் விலங்கின் வேதனையையும் சுருக்குகிறது. கூட்டின் உதட்டை மடக்கிக் குண்டை இறுக்குவதிலும் இதே கவனம். இறுக்கம் போதாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் சுருள்வில் அழுத்திக் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும், அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. இந்த ஒரே கூட்டுக்குக் கைநூல்களில் மூன்று தனித்தனி மருந்துப் பட்டியல்கள் இருக்கின்றன. 1873 காலத்துப் பழைய துப்பாக்கி தாங்கும் மிதமான அளவு ஒன்று, இன்றைய லீவர் துப்பாக்கி தாங்கும் அளவு ஒன்று, அதைவிட உறுதியான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு உரியது ஒன்று. அடைத்து முடித்த பிறகு மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. தவறிப்போய் மருந்து இரண்டு தடவை விழுந்தாலும் அந்தப் பெரிய கூடு சத்தம் காட்டாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச்சு அடித்துப் பார்ப்பார் பெரியவர். உள்ளே இருப்பது என்ன என்பது அடைத்தவனின் மனசாட்சிக்கு மட்டும் தெரிந்த உண்மை. அப்பாரு துப்பாக்கியைக் கெட்டித்துக் கொடுக்க மறுத்ததன் காரணம் அந்தக் கொட்டகையில்தான் எனக்கு உறைத்தது.

கொல்பவனின் இந்தப் பொறுப்பைப் பற்றிச் சமணத்தில் ஒரு தெளிவான சிந்தனை இருக்கிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வெறும் உயிர்ச்சேதம் என்று சொல்வதில்லை, அசட்டையால் உயிரைப் போக்குவது என்கிறது. இல்லறத்தாருக்குச் சமணர்கள் இம்சையை நான்காகப் பிரித்தும் வைத்தார்கள். வீட்டு வேலையில் நேர்வது, உழவு போன்ற தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது. முதல் மூன்றையும் இல்லறத்தான் முழுக்க விட முடியாது, குறைக்கத்தான் முடியும். நான்காவதை விட்டே ஆக வேண்டும். பொழுதுபோக்கு வேட்டை நான்காவதில் போய் விழுகிறது, பயிரைக் காக்கும் கொலை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. அவுட்டுக்காய் எங்கே நிற்கிறது? நோக்கம் தற்காப்புத்தான். ஆனால் எந்த வாய் கடிக்கும் என்று தெரியாமல், தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லாமல் வைப்பது அசட்டையின் உச்சம். நோக்கத்தைக் காட்டி அதைக் கழுவிவிட முடியாது என்றே நான் நம்புகிறேன்.

இந்த இடத்தில் எனக்குத் தசரதன் நினைவு வருகிறான். எங்கள் பக்கம் ஓடுவது வசிஷ்ட நதி. வசிஷ்டர் வேள்வி செய்த ஊர் என்று பேளூரில் சொல்வார்கள். அந்த வசிஷ்டரைக் குலகுருவாகக் கொண்டவன், ஒலியைக் கேட்டே அம்பு விடும் வித்தை தெரிந்தவன். சரயு நதிக்கரையில் இருட்டில் குடம் நிறையும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி எய்தான். செத்தது பார்வையற்ற பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. யானைமீது எய்தேன் என்ற விளக்கம் அவனைக் காப்பாற்றவில்லை. பார்க்காமல் எய்ததே குற்றம். ஆனாலும் ஒன்று செய்தான். ஓடிப்போய் அம்பு பட்டவன் முன் நின்றான், பெற்றோரிடம் தானே போய்ச் சொன்னான், சாபத்தைத் தலையில் வாங்கிக்கொண்டான். அவுட்டுக்காய் வைப்பவரிடம் இந்த ஓட்டம்கூட இல்லை.

அசட்டையான காயம் காட்டோடு முடிவதுமில்லை. 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் பழைய குண்டடியில் உடைந்திருந்ததைக் கார்பெட் பார்த்தார். மான் பிடிக்கப் பல் இல்லாமல்தான் அது மனிதனிடம் வந்தது என்பது அவர் கருத்து. யாரோ ஒருவன் அரைகுறையாகச் சுட்டுவிட்டு, தேடாமல் வீட்டுக்குப் போயிருக்கிறான். வினை என்பதை இதைவிடக் கண்கூடாக யாரும் காட்டிவிட முடியாது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பழைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனும் காயம்பட்ட விலங்குகளைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதினார். அவர் கையில் இருந்ததும் லீவர் துப்பாக்கிதான். வின்செஸ்டர் 1895, ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, .405 ரகம். இதில் தோட்டாக்கள் குழாயில் இல்லாமல் பெட்டியில் அடுக்கியிருக்கும், அதனால் மூக்குத் தொல்லை இல்லை. 300 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 670 மீட்டர் வேகம்.

அந்த ரகம் தோளை இடிப்பதில் பேர்போனது. பெரிய தோட்டா என்றால் பெரிய கருணை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தன் தோள் தாங்காத தோட்டாவை எடுத்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவான், குண்டு வயிற்றில் போய்ப் படும். டெக்சாஸ் பெரியவர் வயதான பிறகு தன் மருந்தளவைக் குறைத்துக்கொண்டதாகவும், அதற்கேற்ப அறுபது கஜத்துக்கு மேல் சுடுவதை விட்டுவிட்டதாகவும் சொன்னார். தன் பலம் எவ்வளவு என்று தெரிந்து அதற்குள் நிற்பதை அடக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அதை அளந்து போட முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைக்கமாட்டேன். நீ சுத்தமாகக் கொல்கிறாய் என்பதில் ஆறுதல் உனக்குத்தானே, பன்றிக்கு என்ன? இழந்தது உயிர். அதைத் தராசில் நிறுத்த மருந்தால் எடுத்தால் என்ன, மூங்கில் அளவையால் எடுத்தால் என்ன? இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது அளவும் இறுக்கமும் பளபளப்பும் எனக்கே இனித்தன. எந்த உயிருக்காக இதெல்லாம் என்பது சற்று நேரம் மறந்தே போய்விட்டது. கருவியின் அழகு கொலையை மறைக்கும் திரையாகிவிடலாம். வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். அந்த உச்சத்தை யாரும் கீழே இறக்க வேண்டாம். சுத்தமான கொலை கொல்லாமை ஆகாது. ஆனால் அந்த உச்சிக்கு ஏற முடியாதவன் பள்ளத்துக்குப் போய்விட வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. உயிர் போவது ஒன்று, போகும்வரை படும் வேதனை இன்னொன்று. முதலாவதைத் தடுக்க முடியாத இடத்திலும் இரண்டாவது முழுக்க என் கையில் இருக்கிறது. என் கையில் இருப்பதை விதியின் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். உழவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதது சரி என்றே நினைக்கிறேன். சுடுகிற வனத்துறையினருக்கு அந்தத் தோள்பட்டையைத் துளைக்கும் கனமான தோட்டாவும், அதில் போதிய பயிற்சியும், காயம்பட்டு ஓடியதை விடியும்வரை தேடும் ஏற்பாடும் இருக்க வேண்டும். யாருடைய பயிருக்காகச் சுடுகிறார்களோ அந்த உழவரும் அனுமதி பெற்றுக் கூடவே நிற்க வேண்டும். வனத்துறையினர் எங்கள் காட்டுக்கு வந்தால் டார்ச்சோடு நான் நிற்பேன் என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லி, அவரையும் கூப்பிட்டேன்.

“ராத்திரி பூரா முழிச்சு, ரத்தத் தடம் பாத்துக்கிட்டு ஓடை ஓடையா அலையச் சொல்றீங்களா வாத்தியாரே?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

அவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மரவள்ளிக்குத் தண்ணீர் விடும்போது மறுபடி கேட்பதாக இருக்கிறேன்.