விற்போன் மௌனமும் வாங்குவோன் விழிப்பும்: ஓர் அறவியல் நோக்கு

அறம் பற்றிய பெரு வினாக்கள் போர்க்களத்திலும் அரசவையிலும் எழுவனவாகவே நூல்கள் பெரிதும் காட்டுகின்றன. ஆயினும் சாதாரண மனிதன் தன் வாழ்நாளில் அவ்வினாக்களை எதிர்கொள்ளும் இடம் பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலே ஆகும். ஒரு பொருளின் குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். அவ்வறிவை விற்பவன் எவ்வளவிற்கு வெளியிடக் கடமைப்பட்டவன்? வாய் திறந்து பொய் கூறாதிருப்பது மட்டும் போதுமா? பழமையான இவ்வினா, பாவித்த வாகனங்கள் இணைய விளம்பரம் மூலம் கைமாறும் இந்நாளில் புதிய கூர்மை பெற்றுள்ளது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பொகவந்தலாவைத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்துடனும், தாயின் நகையை அடகுவைத்துப் பெற்ற பணத்துடனும் ஊர் திரும்புகிறான். வாடகைக்கு ஓட்டுவதற்கு ஒரு கார் வாங்குவது அவன் எண்ணம். இணையத்தில் ஒரு விளம்பரம் அவன் கண்ணிற்படுகிறது. சந்தை விலையிலும் குறைவான விலை, பளபளப்பான படங்கள், இறுதியில் ஒரு வரி: எச்சரிக்கை விளக்கு எரிகிறது, சிறு உணரிக் கோளாறாக இருக்கலாம், மற்றப்படி நல்ல நிலை. உண்மையில் அக்காரின் உரிமையாளர் ஒரு மாதத்திற்கு முன்பே அதனைக் கராஜில் காட்டியிருக்கிறார். பழுது கியர்ப்பெட்டியில் என்பதும், அதனைத் திருத்தும் செலவு பெருந்தொகை என்பதும் அவருக்குத் தெரியும். விளக்கு எரிவதை அவர் மறைக்கவில்லை. எனின், அவர் தம் கடமையைச் செய்தவராவாரா?

இதற்கு விடை காணுமுன் அவ்விளக்கின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவிய முறையின்படி, காரின் கணினி தன் உறுப்புக்களைத் தானே கண்காணித்து, குறை கண்டவிடத்து ஒரு குறியீட்டைப் பதிவுசெய்து விளக்கை ஏற்றுகிறது. சிவப்பு விளக்கு உடனே நிறுத்து என்பதற்கும், மஞ்சள் விளக்கு விரைவிற் சோதித்துப் பார் என்பதற்கும் பொதுவான அறிகுறிகளாம். எரிபொருட் தாங்கியின் மூடி சரியாக மூடப்படாதிருப்பினும் மஞ்சள் விளக்கு எரியலாம். எஞ்சினின் உள்ளுறுப்புப் பழுதடைந்திருப்பினும் அதே விளக்கே எரியலாம். எனவே விளக்கு ஒரு குறியேயன்றிப் பொருளன்று. குறியைக் காண்பவனுக்குப் பொருள் தானாகப் புலப்படுவதில்லை. அதனைக் குறியீட்டுக் கருவி கொண்டு வாசிப்பவனே அறிவான்.

இங்கு தகவல் சமனற்றதாகிறது. இத்தகைய சமனின்மையின் பொருளாதார விளைவை ஜோர்ஜ் அக்கலோவ் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் பாவித்த கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு விளக்கினார். நல்ல காரையும் பழுதுற்ற காரையும் வாங்குவோர் வேறுபடுத்த முடியாதபோது சராசரி விலையே கொடுப்பர். அவ்விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வாரார். முடிவிற் பழுதுற்றவையே சந்தையில் எஞ்சும். 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் வழங்கப்பட்டது. இலங்கையில் இந்நிலை மேலும் கடுமையாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 தொடக்கத்திலேயே தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறின. மௌனம் இலாபந்தரும் பண்டமாயிற்று.

அறவியல் நோக்கில் இவ்வினாவை முதலில் நுணுகி ஆராய்ந்தோருள் சிசரோ குறிப்பிடத்தக்கவர். கி.மு. 44இல் கடமைகள் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில், டயோஜெனிஸ், அன்ரிப்பேற்றர் என்னும் இரு ஸ்தோயிக்க அறிஞரின் முரண்பாட்டை அவர் எடுத்துரைக்கிறார். பழுதுற்ற வீடொன்றை விற்பவன் அதன் குறையைச் சொல்ல வேண்டுமா என்பது அங்கு எழும் வினாக்களுள் ஒன்று. சட்டம் கோரும் அளவிற்குச் சொன்னாற் போதும், சொல்லாதிருத்தல் வேறு மறைத்தல் வேறு என்பது டயோஜெனிஸின் பக்கம். வழிதவறியவனுக்கு வழிகாட்டாது விடுவதிலும் இது கொடிது என்பது அன்ரிப்பேற்றரின் பக்கம். சிசரோவின் தீர்ப்பு இரண்டாம் பக்கமே சார்கிறது. பிறர் அறிந்தால் அவர்க்குப் பயன்படக்கூடிய ஒன்றைத் தன் இலாபத்திற்காக அவர் அறியாதிருக்கச் செய்வதே மறைத்தல் என்பது அவர் கருத்தாகும்.

இலங்கைச் சட்டம் இவ்வளவு தூரம் செல்வதில்லை. ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குவோனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை அடிப்படையாகவும், சில பாதுகாப்புக்களை விதிவிலக்காகவும் கொண்டது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வர்த்தகரையே முதன்மையாக நோக்குகிறது. தன் சொந்தக் காரை விற்கும் தனிமனிதன் அதன் பார்வையில் எளிதில் அகப்படான். வஞ்சனை நிரூபிக்கப்படின் சட்டம் தலையிடும். ஆனால் “இருக்கலாம்” என்ற ஒரு சொல்லை வஞ்சனை என்று நிரூபிப்பது எங்ஙனம்? அவ்வொரு சொல்லே சட்டத்திற்கும் அறத்திற்கும் இடைப்பட்ட வெளியாகும். அறிந்ததை ஐயமாகக் கூறுவது பொய்யின் வடிவம் கொள்ளாத பொய்யாம்.

தமிழ் மரபு இவ்விடத்திற் தெளிவாகப் பேசுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமையையும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமையையும், தம்முடையதையும் பிறருடையதையும் ஒப்ப நோக்கியமையையும் சுட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலையே வள்ளுவரும் நல்ல வாணிகம் என்றார். அவர் வாய்மைக்குக் கூறிய இலக்கணமும் ஈண்டு நோக்கத்தக்கது. தீங்கு சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்று கொண்டால், சொற்கள் நிகழ்ச்சியோடு பொருந்துகின்றனவா என்பது மட்டுமன்றி, கேட்பவனுக்கு அவை என்ன செய்கின்றன என்பதும் வினாவாகிறது. விளக்கு எரிகிறது என்ற சொல் நிகழ்ச்சியோடு பொருந்துகிறது. ஆனால் அது கேட்பவனை அறியாமையிலேயே நிறுத்துவதற்குப் பயன்படுத்தப்பட்டது. ஆதலின் அது வாய்மையன்று.

மலையக மக்களுக்கு இவ்வினா ஏட்டு வினா அன்று. 19ஆம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கப்பட்ட அவர்தம் முன்னோரிடம், தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் எனக் கூறப்பட்டதாக இன்றும் தோட்டங்களிற் சொல்லப்படுகிறது. காட்டையும் அட்டையையும் காய்ச்சலையும் கடனையும் அறிந்தவன் பேசினான், அறியாதவன் கப்பலேறினான். வாங்குவோனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு, இருவரும் சமமாக அறியவும் சமமாக மறுக்கவும் வல்லவராயிருக்கும்போதே நீதியாகும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட நேர்ந்த குடும்பத்திலிருந்து வருபவனுக்கு, ஒரு கியர்ப்பெட்டியின் விலை வெறும் நட்டமன்று. பல ஆண்டு உழைப்பாகும்.

இதற்கு மறுப்பொன்று எழலாம். விலை குறைவாயிருந்ததே, குறைந்த விலைக்கு ஆசைப்பட்டவன் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டவனல்லனா? இம்மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. எரியும் விளக்கைக் கண்டும், அறிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று சோதிக்காமல், சிறு கோளாறாகவே இருக்கும் எனத் தன்னைத் தானே தேற்றிக்கொள்வதும் ஒருவகைத் தவறே. ஆனால் ஒருவன் இசைவு அவன் அறிந்ததற்கே செல்லும். ஐயத்திற்குரிய விலைக்கழிவைக் கொடுத்துவிட்டு, நிச்சயமான பழுதை அவன் தலையிற் கட்டுவது, அவன் இசையாத ஒன்றை இசைந்ததாகக் கணக்கெழுதுவதேயாம். அவன் கவனக்குறைவு விற்பவரின் குற்றத்திற்குத் துணை நின்றது எனலாம். அதனைப் போக்கிவிட்டது எனல் ஆகாது.

மேலும், இவ்வொப்பந்தம் இருவரோடு முடிவதன்று. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹற்றனுக்குச் செல்லும் பாதை வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் மிக்கது. நள்ளிரவில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஒரு கர்ப்பிணியை ஏற்றிச் செல்லும் கார் மழையில் நின்றுபோனால், விலை பேசியபோது அங்கிருந்திராத ஓர் உயிரே விலை கொடுக்க நேரும். அவள் எந்த விளம்பரத்தையும் வாசித்தவளல்லள். எந்த இசைவையும் கொடுத்தவளல்லள்.

கடினமான வினா இதன் பின்னரே எழுகிறது. ஏமாந்த இளைஞன் இனி என் செய்வான்? பதிவான குறியீட்டை அழித்தால் விளக்குச் சிறிது காலம் அணைந்திருக்கும்; அதற்குள் வேறொருவனுக்கு விற்றுவிடலாம். சிலர் அவ்விளக்கையே செயலிழக்கச் செய்வதும் உண்டு. அதனாலேயே அனுபவமுள்ளோர், சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்குமுன் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிகின்றனவா எனப் பார்ப்பர். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கே பெரிதும் ஐயத்திற்குரியது. அவனுக்குக் கடன் உண்டு. அநீதி இழைக்கப்பட்டதும் உண்மை. எனினும் அநீதி இழைத்தவரிடம் ஈடு கோரும் உரிமை, அதனை அறியாத மூன்றாமவனிடம் அறவிடும் உரிமையாக மாறாது. அவன் தேடிப் பிடிக்கப்போகும் அடுத்தவனும், நகையை அடகுவைத்த வேறொரு தாயின் மகனாகவே பெரும்பாலும் இருப்பான். ஏனெனிற் பழுதுற்ற பொருள் எப்போதும் கீழ்நோக்கியே செல்கிறது.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். விற்பவனின் கடமை, தான் பிற்காலத்திற் பழியினின்று தப்புவதற்குப் போதிய அளவிற் சொல்வதன்று. வாங்குபவன் அறிந்து முடிவுசெய்வதற்குப் போதிய அளவிற் சொல்வதாகும். அறிந்ததை அறிந்ததாகவும், அறியாததை அறியாததாகவும் கூறி, கராஜிற் சொல்லப்பட்டதையும் கூறி, வாங்குபவன் விரும்பும் மெக்கானிக் சோதிக்க இடமளித்தால் அக்கடமை நிறைவேறும். அவ்வாறு செய்பவனுக்கு விலை குறையலாம். குறையும் அத்தொகை அவனுக்கு ஒருபோதும் உரியதாயிருந்ததன்று என்பதை உணர்வதே வாணிகத்தில் அறத்தின் தொடக்கமாகும்.