போனவளின் கோடு

ஆசைக்காகச் சேர்ந்து செய்கிற வேலையில் கடன் என்று ஒன்று உண்டா? சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, முதலாளி கிடையாது. பிடித்ததால் வந்தோம்; முடியாதபோது போகலாம். அப்படியிருக்க, போனவரிடம் இருப்பவர் எதைக் கேட்க முடியும்? இருப்பவரிடம் போனவர் எதைக் கேட்க முடியும்? கொல்லிமலையில் நாங்கள் நாலு பேர் இரண்டு வருஷமாக ஒரு விஷுவல் நாவல் செய்துகொண்டிருக்கிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதை முடிக்க முடியாது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷுவல் நாவல் ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னணியில் ஒரு படம். அதன்மேல் நின்றபடி பேசுகிற ஓர் உருவம். கீழே ஒரு பெட்டியில் எழுத்து. தட்டத் தட்டக் கதை நகரும். அங்கங்கே நின்று, 'போகலாமா, இருக்கலாமா' என்று உங்களிடமே கேட்கும். நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். அவ்வளவுதான். துப்பாக்கி, ஓட்டம், பெரிய கிராபிக்ஸ் எதுவும் வேண்டாம். டாம் ராதமேல் 2004இல் வெளியிட்ட ரென்பை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கையில் ஒரு சுமாரான லேப்டாப்பும் சில நண்பர்களும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆரம்பிப்பது எளிது என்பதுதான் இதில் இருக்கிற சிக்கலும்.

'ஸ்டெல்லா நோ மஹோ' என்று ஒரு மாங்கா. குரோபா யூ வரைந்தது. 2012இல் தொடங்கி, 2016இல் அனிமேவாகவும் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாலு பெண்கள் சேர்ந்து சொந்தமாக விளையாட்டு செய்கிற கதை. ஷீனா நிரல், அயாமே கதை, கயோ இசை. படம் வரையப் புதிதாக வந்து சேர்கிற தமாகிக்கு நன்றாக வரைய வருவது அப்பா வயது ஆண்களைத்தான். சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் இருக்கிறது. கதை வராவிட்டால் வரைய எதுவும் இல்லை. படம் வராவிட்டால் நிரல் எழுதுபவள் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் யாருக்கும் கூலி தரவில்லை. ஆனாலும் ஒருத்தியின் தாமதம் நாலு பேரின் தாமதமாகிறது. கடன் என்று நான் சொல்வது இதைத்தான்.

ரசிகர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஜப்பானில் ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. 1975 டிசம்பர் 21 அன்று தோக்கியோவில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கிய காமிக்கெட் இன்று லட்சக்கணக்கானோர் கூடும் இடம். அங்கே விற்பவர், வாங்குபவர் என்ற பிரிவு கிடையாது. வருகிற எல்லோரையும் 'பங்கேற்பவர்' என்றே சொல்வது வழக்கம். 'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி'யின் முதல் பகுதி 2002 ஆகஸ்டில் அங்கேதான் வெளியானது. எழுதிய ரியுகிஷி07 அப்போது அரசு ஊழியர். ஷிராகவாகோ என்ற மலைக் கிராமத்தில் எடுத்த புகைப்படங்களைப் பின்னணியாக வைத்தார். ஆட்களைத் தானே வரைந்தார். விரல்கள் கையுறை மாட்டியதுபோல் இருக்கும். ரசிகர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கையைப் பார்த்த உடனே இது யார் வரைந்தது என்று தெரியும்.

எங்களை இழுத்ததும் ஹிகுராஷிதான். மலைக் கிராமம், ஊர்த் தெய்வம், வருஷத் திருவிழா, வெளியூரிலிருந்து வருகிற ஒரு பையன். இதெல்லாம் நம்ம மலையிலும் இருக்கிறதே என்று தோன்றியது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பேருந்து, சோளக்காட்டுச் சந்தை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டு எல்லாவற்றையும் போனில் படமெடுத்தோம். கதைக்கு எங்களிடம் கொல்லிப்பாவை இருந்தாள். பார்த்தவரை மயக்கிச் சிரித்தே கொல்வாள் என்று சொல்லப்படுகிற பெண்ணுருவம். நான் எழுதினேன். ஒருவன் நிரல். ஒருவன் மழை, பூச்சி, பேருந்து ஹாரன் என்று சத்தம் பிடித்து வந்தான். ஒருத்தி வரைந்தாள்.

ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் வைத்திருந்த பழைய ரென்பையில் தமிழ் சிதறிப்போனது. 'கொ' என்று அடித்தால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. கொல்லி என்ற சொல்லே சரியாக வரவில்லை. நிரல் எழுதும் நண்பன் வேலைக்குப் போய் வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தான். அவள் பாவையை மட்டும் பதினோரு முறை அழித்து வரைந்தாள். அடர்த்தியான பால்பாயின்ட் கோடு. இமைக்கு மட்டும் கோடு விட்டுவிட்டு வரும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. கதையின் பயம் முழுக்க அந்தக் கோட்டில்தான் இருந்தது.

31 படங்கள் முடித்தபோது அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஷிஃப்ட் வேலை. இன்னும் 40 படங்கள் பாக்கி. ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு, "என்னால முடியலடா, இருக்கறத வச்சு என்னமோ பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள்.

நிரல் நண்பன் ஒரு வழி சொன்னான். 31 படங்களையும் ஏஐக்குக் கொடுத்தால் அதே கோட்டில் மீதி 40ஐயும் போட்டுத் தரும். ஒரு வாரத்தில் வேலை முடியும். நான் தயங்கியபோது அவனுக்குக் கோபம் வந்தது. "திருடப் போறோமா? அவ பேரையும்தான் போடப் போறோம். ரெண்டு வருஷம்டா. நான் முழிச்ச ராத்திரிக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஒருவர் விலகும்போது தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. மற்றவர்களின் பங்கையும் அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார். முடியாத விளையாட்டில் அவன் சரிசெய்த ஒற்றைக்கொம்பை யார் பார்ப்பார்கள்? எனவே முடிப்பது என்பது எங்கள் விருப்பம் மட்டும் இல்லை. அது அவனுக்கு நாங்கள் பட்ட கடன்.

அவளிடமே கேட்டோம். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "வேணாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? நான்தான் பாதியில போயிட்டேனே."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் எங்கேயும் 'சரி' இல்லை. விலகியதால் பேசும் உரிமையும் போய்விட்டது என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கை எங்களுக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வது சரியா என்பதுதான் இப்போது கேள்வி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரசிகர்களுக்கு இதையெல்லாம் பேச யோக்கியதை இருக்கிறதா? டோஜின்ஷி உலகத்தில் பெரும்பகுதி அடுத்தவர் படைத்த பாத்திரங்களை அனுமதி கேட்காமல் எடுத்துச் செய்வதுதானே? 'கதாவா ஷோஜோ'வையே பாருங்கள். ராய்தா என்ற ஜப்பானிய ஓவியர் 2000இல் ஒரு டோஜின்ஷியில் வரைந்த ஒற்றைப் பக்கம். மாற்றுத்திறனாளிப் பெண்கள் படிக்கிற பள்ளியில் நடக்கும் ஒரு விளையாட்டு பற்றிய யோசனை. 2007இல் அதை இணையத்தில் கண்ட பல நாட்டுக்காரர்கள் ஃபோர் லீஃப் ஸ்டூடியோஸ் என்று ஒன்றுசேர்ந்து, ஐந்து வருஷம் உழைத்து, 2012 ஜனவரி 4 அன்று இலவசமாக வெளியிட்டார்கள். அடுத்தவர் யோசனையில் பிறந்ததுதான் அது. அதைக் கொண்டாடுகிற நாங்கள், கூட இருந்தவளின் கோட்டை எடுக்கத் தயங்குவது போலித்தனம் இல்லையா?

இல்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் ராய்தாவின் உலகத்தை எடுத்தார்கள், ராய்தாவாக நடிக்கவில்லை. ஐந்து நாயகிகளின் கதையை ஐந்து பேர் எழுதினார்கள், வரைந்தவர்களும் பலர். ஆடும்போதே கை மாறுவது தெரியும். ஒரு ரசிகன் அடுத்தவரின் பாத்திரத்தை வரையும்போது, 'எனக்கு இது பிடித்தது, என் கையில் இது இப்படித்தான் வருகிறது' என்று சொல்கிறான். மூலத்தை வரைந்தவர் அப்படியே இருக்கிறார், இவன் பக்கத்தில் வந்து நிற்கிறான். நாங்கள் செய்ய நினைத்தது வேறு. அவள் போனதே யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அவள் கோட்டை வைத்து அவள் இடத்தை நிரப்பப் பார்த்தோம். பெயரைப் போடுவதும் இதைச் சரிசெய்யாது. அவள் வரையாத 40 படங்களுக்குக் கீழே அவள் பெயரைப் போடுவது நன்றி ஆகாது, பொய்ச் சாட்சி.

இதை யோசிக்கத் தோக்கியோ வரை போக வேண்டியதில்லை. அகப்பாடல்களைப் பாருங்கள். பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. தலைவி, தலைவன், தோழி, செவிலி. பின்னணி ஐந்து திணை. ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவர் பேசுவது. கிட்டத்தட்ட ஒரு விஷுவல் நாவலின் கட்டமைப்பு. சங்க இலக்கியத்தில் மொத்தம் 473 புலவர்கள், 2381 பாடல்கள் என்பது வழக்கமான கணக்கு. அவர்களில் பலர் இப்படி ஒரே பொது உலகத்துக்குள் நின்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் கொல்லிப்பாவையும் அப்படிப் பொதுவில் இருந்தவள்தான். குறுந்தொகையில் கபிலரும் பாடினார், பரணரும் பாடினார். அகநானூற்றில் கல்லாடனார் பாடினார். அவளைச் செய்தது கடவுள் என்கிறது ஒரு பாட்டு, பூதம் என்கிறது இன்னொன்று. யாரும் யாரையும் திருத்தவில்லை. பாவையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவரவர் சொல்லில் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. குறுந்தொகையில் ஒரு புலவரின் பெயர் தொலைந்துபோயிற்று. நல்ல பாட்டு, கபிலர் பெயரில் சேர்த்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? தொகுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர் பாட்டில் வந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். ஆள் இல்லை என்பதை மறைக்காமல், அவர் இருந்தார் என்பதையும் சொல்கிற வழி அது.

ஆக, என் பதில் இதுதான். ஆசைக்காகச் செய்கிற வேலையில் கடன் உண்டு, ஆனால் அது இரண்டு பக்கமும் ஓடுகிறது. போனவள் இருப்பவர்களை முடக்கக் கூடாது. 31 படங்களையும் கொடுத்துவிட்டுப் போனதில் அவள் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டாள். இருப்பவர்கள் போனவளை அழிக்கவும் கூடாது, அவள் பெயரில் அவள் செய்யாததைச் செய்யவும் கூடாது. கூலி வேலையில் இதைப் பணத்தால் தீர்க்கலாம்; போகும்போது கணக்கு முடித்துக் கொடுத்துவிடலாம். இங்கே கொடுக்கப் பணம் இல்லை. யார் எதைச் செய்தார் என்று உள்ளபடி சொல்வது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிற காசு. அதில் கலப்படம் செய்தால் இந்த வேலையில் மிஞ்ச ஒன்றுமில்லை.

நிரல் நண்பன் இதை முழுக்க ஏற்கவில்லை. "நல்லா பேசுற, படம் எங்க?" என்கிறான். அதுவும் சரிதான். இப்போது சத்தம் பிடிப்பவனின் தங்கை வரைகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு, பென்சில் கோடு, கை இன்னும் பழகவில்லை. வாரத்துக்கு ஒரு படம் வருகிறது. இந்த வேகத்தில் அடுத்த ஆடி ஓரி விழாவுக்குள் முடியாது. அவன் முழித்த ராத்திரிகள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவை என் நியாயத்துக்காக அவன் கட்டுகிறான் என்பது எனக்குத் தெரியும்.

முடியும்போது மூன்றாம் அத்தியாயத்தில் பாவையின் முகம் மாறும். இமைக்கோடு முழுசாக இருக்கும், கண் தெளிவாகத் திறந்திருக்கும். ஆடுகிறவர்கள் கவனிப்பார்கள், சிலருக்குப் பிடிக்காது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எத்தனையாவது படம் வரை யார் வரைந்தார் என்று எண்ணோடு இருக்கும்.