கடைசிப் பீப்பாயின் பெயர்

ஸ்காட்லாந்தின் கிளென்மோரஞ்சி வடிசாலையில் உருவாகும் 'குவின்டா ரூபன்' 14 ஆண்டு ஊறிய சிங்கிள் மால்ட் விஸ்கி. முதல் 10 ஆண்டுகள் அமெரிக்க போர்பன் இருந்த ஓக் பீப்பாயில். மிச்சக் காலம் போர்ச்சுகலின் போர்ட் ஒயின் இருந்த பீப்பாயில். செந்நிறமும் பெயரும் இந்த இரண்டாவதற்கே சொந்தம். 'குவின்டா' என்றால் போர்ச்சுகீசிய மொழியில் பண்ணைத் தோட்டம்.

முதல் மிடறில் நாவும் அதையே ஆமோதிக்கிறது: இனிப்பு, கறுத்த பழங்கள். சில துளி நீர் விட்டுப் பொறுத்தால் அடியிலிருந்து வெனிலா எழும். அது முதல் பீப்பாய் தந்தது.

பெயர் பொய்யா? இல்லை. நியாயமா? கணவரின் ஆய்வேட்டை இரவெல்லாம் தட்டச்சு செய்தவளுக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைப்பதும் பொய்யில்லைதான். மெருகைப் புகழ்வோம். ஆனால், தாங்கிய மரத்தின் ருசியையும் பெயர் சொல்லி அழைக்க நம் நாக்கு பழகட்டும்.