துறவுக்குப் பிறகும் இசை: டொமெனிகோ சிப்பொலி

டொமெனிகோ சிப்பொலி 1688இல் இத்தாலியின் பிராட்டோ நகரில் பிறந்தார். 1716இல் ரோமில் வெளியான ஆர்கன், ஹார்ப்சிகார்ட் இசைத் தொகுதி அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதே ஆண்டு அவர் செவில் நகருக்குப் போய் இயேசு சபையில் சேர்ந்தார். 1717இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இன்றைய அர்ஜென்டினாவிலுள்ள கோர்டோபாவில் மெய்யியலும் இறையியலும் பயின்றார். குருப்பட்டம் அளிக்க ஆயர் இல்லாததால், படிப்பு முடிந்தும் குருவாகாமலே 1726 ஜனவரி 2இல் காசநோயால் இறந்தார்.

புகழை விட்டவர் கலையையும் விட்டாக வேண்டுமா என்ற கேள்வியை இவ்வாழ்க்கை எழுப்புகிறது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார், மற்றத் துறவற சபைகளில் கட்டாயமாயிருந்த கூட்டுப் பாடல் வழிபாட்டைத் தம் சபையில் வேண்டாமென்றவர். ஊழியத்துக்கு நேரம் வேண்டும் என்பது காரணம். அதே சபை பராகுவே மிஷன்களில் இசையையே மறைப்பணியின் கருவியாக்கியது விந்தைதான். அங்கு வாழ்ந்த குவாரனிப் பழங்குடி மக்கள் பாடினார்கள், வாத்தியங்களையும் செய்தார்கள். இதை வழிபாடு என்பதா, மதமாற்ற உத்தி என்பதா? இரண்டையும் பிரித்தெடுப்பது எளிதல்ல. சிப்பொலியோ இசையைக் கைவிடவில்லை. அதைக் கேட்பவர்கள்தான் மாறினார்கள்.

அவர் இயற்றிய திருப்பலி இசையொன்று 1784இல் பொட்டோசியில் படியெடுக்கப்பட்டது. பொலிவியாவின் சிக்கிட்டோஸ் பகுதித் தேவாலயங்களில் 1970களில் மேலும் பல படைப்புகளின் படிகள் கிடைத்தன. சபை 1767இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும் அத்தாள்களைக் காத்து வைத்தவர்கள் அப்பகுதிப் பழங்குடி மக்களே.