சைத்தான் பேரில் எழுதிய பற்று



கடை நடத்தும் நமக்குப் பற்று வரவு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சரக்கு எடுத்தவர் ஒருவர். பற்று எழுதியிருப்பதோ இன்னொருவர் பேரில். அப்படிக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையை மறுநாள் கடையேற விடுவோமா? விடமாட்டோம். ஆனால் தீனுடைய விஷயத்தில் நாம் எழுதி வரும் கணக்கு இருக்கிறதே, அது முழுக்க முழுக்க இந்த மாதிரிக் கணக்குத்தான்.

சுபுஹுத் தொழுகை தவறிவிட்டதா? சைத்தான் தூங்க வைத்துவிட்டான். கூட்டு வியாபாரத்தில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்களா? சைத்தான் நடுவிலே புகுந்துவிட்டான். சங்கக் கூட்டத்தில் நாற்காலிக்காக நாக்கு நீண்டுவிட்டதா? சைத்தான் பேச வைத்துவிட்டான். எல்லாப் பற்றும் அவன் பேரில்! பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் நம்மிடம் அவனைவிடப் பெரிய கடன்காரன் கிடையாது.

சைத்தான் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவன் நமக்குப் பகிரங்கமான பகைவன் என்பது குர்ஆன் கூறும் உண்மை. அவனை விட்டு அல்லாஹ்விடம் காவல் தேடுவதும் நமக்கு இடப்பட்ட கட்டளை. நாம் கேட்பதெல்லாம், அவனோடு நாம் நடத்துகிற யுத்தம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

நம்முடைய போர்த் தளவாடங்களைப் பாருங்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே ஆயத்துல் குர்ஸி கண்ணாடிச் சட்டம். வியாழன் மாலை சாம்பிராணி. நிலைப்படியில் ஓதித் தெளித்த தண்ணீர். கையில் தஸ்பீஹ் மணி. ஆயத்து காவல்தான், ஐயமில்லை. ஆனால் சட்டத்துக்குக் கீழே கல்லாவுக்குள் என்ன போகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியவர் நாமல்லவா? அதைச் சட்டமா பார்க்கும்?

ஹஜ்ஜுக்குப் போய் வந்த நம் வியாபாரிகள் பலர். மினாவில் 3 ஜம்ராக்களிலும் கல்லெறிகிறோம். பிறை 12-இல் புறப்படுகிறவர் 49 கல், 13 வரை தங்குகிறவர் 70 கல். எத்தனை ஆவேசமாக எறிகிறோம்! ஊர் திரும்பிக் கடையில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? கட்டியும் தாயிலும் போய்க் கிலோ வந்தது. தொங்கு தராசு போய் மின்தராசு வந்தது. அழுத்துகிற விரல் மட்டும் பழைய விரலாகவே இருக்கிறது. அளவையில் மோசம் செய்பவர்களுக்குக் கேடு என்று ஒரு சூராவே தொடங்குகிறது. அந்த விரலைச் சைத்தானா பிடித்து அழுத்துகிறான்?

இன்னொன்று. ரமலான் மாதத்தில் சைத்தான்களுக்கு விலங்கிடப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். நல்லது. அவன் விலங்கில் கிடக்கிற அந்த மாதத்தில் பேரீச்சம்பழத்தின் விலையை ஏற்றியவர் யார்? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கும் வரிசையில் சட்டையைப் பிடித்தவர் யார்? பதினொரு மாதம் அவன் பேரில் எழுதியவர்கள் அந்த ஒரு மாதப் பற்றை யார் பேரில் எழுதப் போகிறோம்?

ஊரைச் சொல்லிவிட்டு நம்மை மறைப்பது நியாயமன்று. நம் கதையையும் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நம் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்த பையன் ஒருவன் விலகி, அதே வரிசையில் நாலு கடை தள்ளி அதே சரக்கைப் போட்டுக் கடை திறந்தான். நம் வியாபாரம் படுத்தது. உடனே நாம் முடிவு கட்டிவிட்டோம்: இது சிஹ்ர்! ஓதிப் பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தோம். "உங்கள் உப்பைத் தின்றவன் வேலை" என்றார் அவர். நமக்கு வேண்டியதும் அந்தச் சொல்தானே? கேட்ட பணத்தைக் கொடுத்தோம். கடையின் நாலு மூலைக்கும் ஆணி அடித்தாயிற்று. அஞ்சடியில் அந்தப் பையன் ஸலாம் சொன்னால் வாய்க்குள்ளேயே பதில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஒரு நாள் இரவு நம் வீட்டார் கேட்டார்கள்: "என்னங்க, கடையைப் பத்து மணிக்குத் திறந்தால் ஏழு மணிக்கு ரொட்டி வாங்க வருகிறவர் எங்கே போவார்? அது கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்குக் கடைசி மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றீர்களே, கொடுத்தாயிற்றா?"

கொடுக்கவில்லை. சரக்கு குறைந்தது என்று ஒரு சாக்கைச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தோம். பழைய 555 புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பென்சிலால் அவன் கையாலேயே எழுதிய தொகை அழியாமல் இருந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை மதரஸாவில் நாம் மனப்பாடம் செய்தவர்கள். அவன் வியர்வை உலர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு போனோம். அவன் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பணத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அந்தக் கணக்கை நான் அன்றைக்கே அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன், நானா."

நமக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அநீதிக்கு ஆளானவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பதை ஓதியிருக்கிறோமே! நாலு மூலையிலும் ஆணி அடித்த நாம் அந்தத் துஆவை எந்த ஆணியால் தடுப்பது? அவன் மன்னித்துச் சொன்னானா, முறையிட்டதைச் சொன்னானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஹலாலாக்கித் தரும்படி கையைப் பிடித்துக் கேட்டோம். "ஹலால்" என்றான்.

அதன் பிறகு வியாபாரம் ஏறியதா என்று கேட்பீர்கள். இன்றைக்கும் அவன் கடையில்தான் கூட்டம் அதிகம். நாமும் ஏழு மணிக்குத் திறக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அவன் சொல்லும் ஸலாமுக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல முடிகிறது.

கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஓர் உவமை கூறுகிறார்கள். சைத்தான் பசித்த நாயைப் போன்றவன். உங்களிடம் இறைச்சி இல்லையென்றால் ஓர் அதட்டலில் போய்விடுவான். இறைச்சியை முன்னே வைத்துக்கொண்டு விரட்டினால் வெறும் சொல்லுக்குப் போகமாட்டான். நாம் நாவினால் அவூது ஓதிக்கொண்டே ஒரு பிள்ளையின் மூன்று மாதக் கூலியைக் கல்லாவில் பூட்டி வைத்திருந்தோம். நாய் வாசலை விட்டுப் போகுமா?

நாளை மறுமையில் தீர்ப்பு முடிந்த பின் சைத்தானே பேசுவான் என்கிறது சூரா இப்ராஹீம், 22-வது ஆயத்து. உங்கள்மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவன் கையை விரித்துவிடுவான். இத்தனை வருஷம் அவன் பேரில் எழுதிய பற்று முழுவதும் அன்றைக்கு நம் பேருக்கே திரும்பி வரும்.

ஆகவே சகோதரர்களே, இன்றிரவு கடையைச் சாத்துமுன் பேரேட்டை ஒரு முறை திறந்து பாருங்கள். சைத்தான் பேரை அடித்துவிட்டு, சரக்கு எடுத்தவர் பேரை எழுதுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். கொடுக்க நாளைக்கு நாம் இருப்போமென்று யார் சொல்ல முடியும்?

நம் நப்ஸின் தீங்கை விட்டும், சைத்தானின் அழைப்பை விட்டும், நம்மால் அநீதிக்கு ஆளானவனின் துஆவை விட்டும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.