பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே

அமெரிக்காவின் பண்ணைப்புறச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய செவர்லே பிக்கப்புகளுக்குப் பொதுவான நோய் ஒன்று உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் தள்ளினால் மட்டும் சாத்தாது. பின்முனையைப் பிடித்துத் தூக்கி, இடித்துச் சாத்த வேண்டும். 1973 முதல் 1987 வரை வந்த சதுர வடிவ மாடல்களில் இது சர்வ சாதாரணம். பெரும்பாலும் இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் நீளம், கனமும் அதிகம். அந்தக் கனம் முழுவதையும் முன்புறத்து இரண்டு கீல்கள்தான் தாங்குகின்றன. வண்டியில் ஏறும்போது கதவை ஊன்றி ஏறும் பழக்கம் வேறு.

மெக்கானிக்கின் முதல் சோதனை எளியது. கதவைப் பாதி திறந்து, பின்முனையை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். இன்னொருவர் கீலைக் கவனிப்பார். கீலோடு சேர்ந்து, அது பொருந்தியிருக்கும் தூணின் தகடே அசைந்தால் தகடு விரிசல் விட்டிருக்கிறது, வெல்டிங் வைக்க வேண்டும். கீலின் இரு மடல்களுக்கு நடுவே மட்டும் ஆட்டம் இருந்தால், மடல்களைக் கோக்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற வளையமும் தேய்ந்துவிட்டன. பெரும்பாலும் இரண்டாவதுதான். கதவைத் தனியாகக் கழற்றி வைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தூணிலும் அப்படியே. சேர்த்து மாட்டினால்தான் தொங்கும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிவிடலாம். நடுவில் என்று ஒன்று உண்டா என்பதுதான் தத்துவத்தின் தீராத வழக்கு.

7ஆம் நூற்றாண்டின் பௌத்த தர்க்கவாதி தர்மகீர்த்தி இதற்கென்றே 'சம்பந்த பரீட்சை' என்ற சிறு நூலை எழுதினார். இருப்பவை தனித்தனிப் பொருள்கள்தாம், தொடர்பு என்பது மனம் போடும் முடிச்சு என்பது அவர் கட்சி. இரண்டைச் சேர்க்க மூன்றாவது ஒன்று வேண்டுமென்றால், அந்த மூன்றாவதை இவ்விரண்டோடு சேர்க்க இன்னொன்று வேண்டும். அதற்கு முடிவேது? பிரம்ம சூத்திர பாஷ்யத்தில், தொடர்பையும் ஒரு பதார்த்தமாக எண்ணிய வைசேஷிக மரபினரை மடக்க ஆதிசங்கரர் எடுத்ததும் இதே ஆயுதம். 1893இல் வந்த 'தோற்றமும் மெய்ம்மையும்' நூலில் ஆக்ஸ்ஃபோர்டின் எஃப். எச். பிராட்லியும் ஏறக்குறைய இதையே கேட்டார். மூவரும் போய்ச் சேர்ந்த ஊர்கள் வெவ்வேறு. பாதை மட்டும் ஒன்று.

கீலைப் பார்த்தால் அவர்கள் சொன்னது இரும்பிலேயே செய்து வைத்ததுபோல் இருக்கிறது. கதவையும் தூணையும் சேர்க்கக் கீல். கீலின் இரு மடல்களைச் சேர்க்கப் பின். பின்னுக்கும் மடலுக்கும் நடுவே புஷ். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவே கிரீஸ். இந்த வரிசையைப் பொறியாளர் எங்கே நிறுத்தினார் என்பதுதான் சுவாரசியம். தேய்வதற்கென்றே ஒன்றை வைத்து நிறுத்தினார். பின் எஃகு, புஷ் வெண்கலக் கலவை, நம்மூர்ப் பட்டறைகளில் கன்மெட்டல் என்பார்களே, அந்த ரகம். உரசல் வந்தால் மென்மையானதுதான் முதலில் தேயும். விலை குறைந்ததும் மாற்றச் சுலபமானதும் அதுவே.

அந்தச் சின்ன வளையத்துக்குள் இரண்டு வகைச் சேர்க்கை இருக்கிறது. வெளிப்புறம் மடலின் துளையில் இறுக்கமாக அடித்து ஏற்றப்பட்டிருக்கும், அங்கே அசைவே கூடாது. உட்புறம் பின் தாராளமாகச் சுழல வேண்டும். சேர்க்கையில் இரு வகை உண்டு என்று வைசேஷிகரும் பிரித்தார்கள்: பிரியக்கூடியது சம்யோகம், பிரியாதது சமவாயம். மணிமேகலையில் வைசேஷிகவாதி அடுக்கும் ஆறு பதார்த்தங்களில் 'கூட்டம்' என்று வருவது சமவாயம்தான். சமவாயம் தானாகவே பொருந்திக்கொள்ளும், அதைப் பொருத்த வேறொன்று வேண்டாம் என்று அவர்கள் தொடரை அறுக்கப் பார்த்தார்கள். அதே சலுகை சம்யோகத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டார் சங்கரர். (இறுக்கி ஏற்றிய புஷ்ஷைச் சமவாயத்துக்கு உதாரணம் காட்டினால் வைசேஷிகரே ஒப்பமாட்டார். சுத்தியலும் ஒரு கம்பியும் இருந்தால் அது வெளியே வந்துவிடும்.)

இளமையில் பொறியியல் படித்த விட்கென்ஸ்டைன், 1921இல் வெளிவந்த 'டிராக்டேட்டஸ்' நூலில் வேறு வழி சொன்னார். பொருள்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றில் ஒன்று கோத்துக் கிடக்கின்றன, நடுவே எதுவும் தேவையில்லை. அழகான பதில்தான். ஆனால் சங்கிலியும் தேயும். மோட்டார் சைக்கிள் செயின் நீண்டுபோச்சு என்கிறோம். அங்கே எஃகு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. பிக்கப் கதவின் நோயும் அதுவே.

இதே வண்டியின் மறுபக்கக் கதவு பெரும்பாலும் நேராகவே நிற்கும். அதே ஆலை, அதே ஆண்டு, அதே உலோகம். வேறுபாடு, எத்தனை முறை திறந்து மூடினார்கள் என்பது மட்டுமே. பொருளை மட்டும் கணக்கில் எடுப்பவருக்கு இந்த வேறுபாட்டை எந்தப் பத்தியில் எழுதுவது என்று திண்டாட்டமாகத்தான் இருக்கும்.

தேய்மானம் சிறிதாயினும் விளைவு பெரிது. இரு கீல்களுக்கும் இடையே 40 செ.மீ., கதவின் நீளம் 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கீலில் வரும் 1 மி.மீ. ஆட்டம் பின்முனையை 3 மி.மீ. கீழே இறக்கும். அந்த 1 மி.மீ. ஒரு பொருள் அல்ல, பொருள் இல்லாத இடம். பிற்கால வைசேஷிகர் அந்த ஆறு பதார்த்தங்களோடு ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை, சேர்த்தது நினைவுக்கு வருகிறது. இன்மையையும் புலனால் அறியலாம் என்பது நியாய மரபுத் தர்க்கவாதிகளின் கொள்கை. கதவைத் தூக்கிப் பார்த்தவருக்கு அதில் சந்தேகம் வராது. அழிந்தபின் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்றும் சொன்னார்கள். தேய்ந்துபோன வெண்கலம் திரும்பாது.

ஆனாலும் பலர் முதலில் கை வைப்பது ஸ்ட்ரைக்கரில். பின்பக்கத் தூணில் கதவின் பூட்டு வந்து மாட்டும் அந்தக் கட்டையைத் தளர்த்தி, இறங்கிய கதவுக்கு ஏற்ப அதையும் கீழே இறக்கிவிடுவார்கள். கதவு சாத்தும், ஆட்டம் அப்படியே இருக்கும். குறையைத் திருத்தாமல் அளவுகோலை நகர்த்தும் வேலை இது. புஷ் மேலும் தேய, ஸ்ட்ரைக்கரை மேலும் இறக்க வேண்டியிருக்கும்.

முறையான வேலை என்றால், கதவின் அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கீலின் பின்னை மட்டும் அடித்து எடுப்பார்கள். கதவை முழுதாக இறக்கத் தேவையில்லை. சில மாடல்களில் கீலுக்குள் பலமான சுருள்வில் ஒன்று அழுந்தி நிற்கும். அதற்குரிய கருவியில்லாமல் தொட்டால் முகத்தில் பாயும். பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை ஏற்றி, புதுப் பின்னைப் போட்டு, ஸ்ட்ரைக்கரைக் கடைசியாகத்தான் தொடுவார்கள்.

இங்கே தர்மகீர்த்தியின் தரப்பு குறுக்கிடும். எடுத்தது ஒரு பொருள், வைத்தது ஒரு பொருள், இதில் தொடர்பு என்று எதைச் சரிசெய்தீர்கள் என்று கேட்கும். வலுவான கேள்விதான். ஆனால் பழைய புஷ் தேய்ந்து தீர்ந்தபிறகும் ஓட்டிய வண்டிகளில் மடலின் துளையே நீள்வட்டமாகிவிடுகிறது. அதில் குறையே இல்லாத புத்தம்புது புஷ்ஷைப் போட்டாலும் கதவு தொங்கும். அப்போது துளையை ரீமரால் வட்டமாகக் கடைந்து, உள்விட்டம் அதேயாக, வெளிவிட்டம் மட்டும் சற்றுப் பருத்த வேறொரு புஷ்ஷை ஏற்றுகிறார்கள். பழைய பிக்கப்புகளுக்கு உதிரிபாகம் விற்பவர்கள் அந்த அளவையும் தனியாக விற்கிறார்கள்.